நமக்கு இது தாராளம்

படிக்கட்டில் யாராவது எதிரே வந்தால் அவர் நின்றுவிடுவார். முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, வருகிறவர்கள் கடந்து போகும்வரை கண்ணைத் தாழ்த்தியபடி இருப்பார். எங்கள் வீட்டுப் படிக்கட்டு அப்படியொன்றும் குறுகல் இல்லை. இரண்டு பேர் உரசாமல் ஏறி இறங்கலாம். கையில் நிறைந்த வாளி இருந்தாலும் அவர்தான் ஒதுங்குவார். கல்யாணமாகி வந்த புதிதில், புதுப்பெண் என்று என்னைப் பார்த்து ஒதுங்குகிறார் போல என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் மில்லுக்காரர் வளர்த்த பூனைக்கும் அவர் அப்படியே நின்று வழி விடுவதைப் பார்த்தேன். கூச்சம் போய்விட்டது.

அந்த வீடு ஜாலான் புசார் என்ற பெரிய சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது. கீழே மிளகாயும் மல்லியும் அரைக்கும் மாவு மில். மேலே பலகை வைத்துத் தடுத்த ஐந்து அறைகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடுப்படி, ஒரு தண்ணீர்க் குழாய். சின்னையா என்பவர் வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, அறை அறையாகப் பிரித்து எங்களுக்கு விட்டிருந்தார். என் கணவர் பஸ் கண்டக்டர். நாங்கள் இரண்டாவது அறையில் இருந்தோம். படிக்கட்டில் ஒதுங்கி நிற்பாரே, முன்னறை அவருடையது. தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்த அறை அது ஒன்றுதான். மற்ற நாலுக்கும் பகலிலேயே விளக்குப் போட வேண்டும்.

சாங்கியில் வெள்ளைக்கார ராணுவ முகாம் இருந்த காலம். அங்கே அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் அவர் பட்லர். கஞ்சி போட்ட வெள்ளை டிரில் சட்டையோடு விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அவர் மனைவியை நான் ஒரு வருஷம்தான் பார்த்தேன். இருமிக்கொண்டே சிரிக்கும் பெண். காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. மகள் கமலாவுக்கு அப்போது ஐந்து வயது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு அம்மாவும் அவர்தான். மெஸ்ஸில் கைத்துண்டு மடிக்கிற மாதிரி அவளுடைய பள்ளிச் சீருடையை மடித்து இஸ்திரி போடுவார். பாவாடையின் ஒவ்வொரு மடிப்பும் கத்தி மாதிரி நிற்கும். சடை பின்னுவது மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. வலிக்குமே என்று பயந்து தளர்வாகப் பின்னுவார். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் அவிழ்ந்துவிடும். அதனால் கமலா தினமும் சீப்போடு என் அறைக்கு வந்து, "அத்தை, அப்பா பின்னிட்டாரு, இப்ப நீங்க பின்னுங்க" என்பாள்.

சாப்பாடு போடும்போது பிள்ளையின் இடப்பக்கம் நின்று குனிந்து பரிமாறுவார். துரைமாருக்கு அப்படித்தானாம். அவள் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு, "போதும், பட்லர்" என்று பெரிய மனுஷி மாதிரி கையைக் காட்டுவாள். அவர் சிரிக்கிற சத்தம் பலகைக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

காலையில் குழாயடியில் வரிசை நிற்கும். அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து வாளியை வைப்பார், எல்லாருக்கும் கடைசியில் பிடிப்பார். யார் வந்தாலும், "நீங்க பிடிச்சுக்குங்க" என்று வாளியை நகர்த்திவிடுவார். ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை.

"நீங்கதானே முதல்ல வந்தீங்க அண்ணே?"

"அவங்களுக்கு அவசரமா இருக்கும் தங்கச்சி."

"உங்களுக்கு அவசரமில்லையா? பிள்ளை சாப்பிடாம ஸ்கூலுக்குப் போகுது."

"ரொட்டி இருக்கு. நமக்கு அது தாராளம்."

இந்தத் 'தாராளம்' அவர் வாயில் ஓயாமல் வரும். மெஸ்ஸில் மிஞ்சிய எலும்பு சூப் ஒரு டப்பா கொண்டுவந்தால் தாராளம். தீபாவளிக்கு ஒரு முழத் துணி குறைந்துபோனாலும் தாராளம். கேட்கும்போது நல்ல மனுஷர் என்று தோன்றும். எனக்கும் பல வருஷம் அப்படித்தான் தோன்றியது.

அவரிடம் இருந்தது நீல அடையாள அட்டை. குடியுரிமை பெற்றவர்களுக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு நீலம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் ஏன் நீலம் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். குடியுரிமைக்கு ஊரே திரண்டு பதிந்த சமயத்தில் அவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்றாராம். மேசையை நெருங்கும் நேரத்தில், பின்னால் ஒரு கிழவி வெயிலில் நிற்க முடியாமல் தள்ளாடினாள். அவளை முன்னே விட்டார். அவளோடு வந்த மகன், மருமகள், அவர்களுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேரும் கூடவே நுழைந்தார்கள். இவர் முறை வந்தபோது மேசையை மூடிவிட்டார்கள்.

"மறுநாள் போயிருக்கலாமே?" என்றார் என் கணவர்.

"மறுபடி லீவு கேக்கணும்ல தம்பி. மெஸ்ல ஆள் கொறச்சல்."

வெள்ளைக்காரர்கள் முகாமைக் காலி செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது சிவப்பு அட்டைக்காரர்களே கலங்கினார்கள். அதற்குள் நீல அட்டைக்காரர்களை வேலைக்கு வைக்கத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டமும் வந்திருந்தது. அவர் வேலை பார்த்த மெஸ்ஸை முதல் தவணையிலேயே மூடினார்கள். கடைசி நாள் ஒரு வெள்ளி ஸ்பூனைப் பரிசாகக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து அதைக் கமலாவிடம் கொடுத்து, "நாளையிலேர்ந்து நான்தான் உன்னை ஸ்கூல்ல கொண்டு விடப்போறேன்" என்றார். பிள்ளை துள்ளிக் குதித்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்.

வேலை தேடினார். இல்லை என்று சொல்ல முடியாது. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு தினமும் கிளம்பினார். போன இடமெல்லாம் முதலில் அட்டையைத்தான் கேட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேட்கவில்லை. பக்கத்திலேயே ஒரு சின்ன ஹோட்டல், அதன் முதலாளி, தவ்கே, ஒரு சீனர். பழகிய பட்லர் என்றால் அனுமதியைத் தானே வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே போனவர் மத்தியானமே திரும்பிவிட்டார். கேட்டதற்கு, "வேற ஆள் எடுத்துட்டாங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் கறி அடைத்த முர்த்தபா ரொட்டிப் பொட்டலத்தோடு எங்கள் படியேறி வந்தார். செலீத்தார் முகாமில் சமையற்காரராக இருந்தவராம். ஹோட்டல் வேலை அவருக்குத்தான் கிடைத்திருந்தது. "அண்ணன் இருக்காரா? தவ்கே அவரைத்தான் எடுக்க நெனச்சாரு. எனக்கு நாலு பிள்ளைன்னு தெரிஞ்சதும், 'இவருக்குக் குடுங்க, இவர் என்னைவிடக் கெட்டிக்காரர்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. என்னை அவருக்கு முன்னப்பின்னத் தெரியாதுங்க" என்று கண் கலங்கினார்.

அந்த முர்த்தபாவைக் கமலா ஆசையோடு தின்றாள். நான் அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"அவருக்கு நாலு பிள்ளைன்னா உங்களுக்கு ஒண்ணு இல்லையா? அது பிள்ளையில்லையா?"

"நாலு வயிறு தங்கச்சி."

"இது என்ன, வயிறில்லாமப் பொறந்துச்சா?"

பிள்ளை தின்று முடித்த தாளை எடுத்து அவர் நாலாக மடித்தார்.

அந்த மாதம்தான் சின்னையா வாடகையை ஏற்றினார். கொஞ்சநஞ்சமில்லை, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. "சொந்தக்காரன் ஏத்திட்டான், நான் என்ன செய்ய, எனக்கும் சுசாதான் லா, கஷ்டந்தான்" என்றார். என் கணவருக்கு அதில் நம்பிக்கையில்லை. ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னே கட்டிய வீடுகளுக்கு இஷ்டப்படி வாடகை ஏற்ற முடியாது, சட்டம் இருக்கிறது என்று பஸ் டிப்போவில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து குடித்தனங்களையும் அடுப்படியில் கூட்டினார்.

"யாரும் சரின்னு சொல்லாதீங்க. அஞ்சு பேரும் ஒண்ணா நின்னா அவரால ஒண்ணும் செய்ய முடியாது. சொந்தக்காரர்கிட்டயே போய்க் கேட்டுடலாம்."

எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அவரும் தலையாட்டினார்.

சின்னையா விவரமான ஆள். மறுநாள் காலையில் நேராக முன்னறைக்குத்தான் போனார். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"மத்தவங்க என்னென்னமோ பேசுறாங்க. நீங்க நாலும் தெரிஞ்சவர். நீங்களே சொல்லுங்க, நான் அநியாயமாவா கேக்குறேன்?"

அவர், "சரிங்க" என்றார்.

அவ்வளவுதான். "முன்னறையே ஒத்துக்கிட்டாச்சு. வேலையில்லாத மனுஷனே தரேங்கிறாரு, உங்களுக்கு என்ன?" என்று சின்னையா ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். மாலைக்குள் எல்லாரும் மடங்கிவிட்டோம். அடுப்படியில் அன்று அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கணவருக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று நான்தான் கேட்டேன். "எங்கேர்ந்து குடுப்பீங்க?"

"நேர்ல வந்து நின்னு கேக்கும்போது எப்படித் தங்கச்சி..." என்று இழுத்தார்.

மனைவியின் தோடு போயிற்று. சைக்கிள் போயிற்று. அந்த வெள்ளி ஸ்பூனும் போயிற்று. பிறகு சின்னையாவே ஒரு யோசனை சொன்னார். நடு அறை மலிவு. அங்கே இருப்பவர்கள் முன்னறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே காலையில் மாறிவிட்டார்கள். பெட்டியைத் தூக்க நானும் கைகொடுத்தேன். நடு அறையில் கையை நீட்டினால் எதிர்ச்சுவர் தட்டும். கமலா வாசலிலேயே நின்றாள்.

"ஜன்னல் எங்கப்பா?"

"கதவைத் திறந்து வெச்சா காத்து வரும். நமக்கு இது தாராளம்."

கமலாவின் உதடு மட்டும் அசைந்தது. அந்தச் சொல்லை அவளும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள்.

அந்தப் பிள்ளை அவரைப் போல இல்லை. ஒருநாள் காலை குழாயடியில் கடைசி அறைக்காரி வழக்கம்போல அவர் வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். கமலா ஓடிவந்து அந்தக் குடத்தை எடுத்துக் கவிழ்த்தாள். "எங்கப்பாதான் முதல்ல வந்தாரு" என்றாள். குடத்தை விடவில்லை. அவர் பதறிப்போய்ப் பிள்ளையின் தோளைப் பிடித்து, "மன்னிப்புக் கேளு" என்றார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவரே கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைசி அறைக்காரியின் குடத்தை நிரப்பிக் கொடுத்தார். பிள்ளை நின்று முழுவதையும் பார்த்தாள். என்னிடம் தலை பின்ன வந்தபோது, "அத்தை, எங்கப்பாவுக்குக் கேக்கவே தெரியாதா?" என்றாள். சடையை இறுக்கிப் பின்னினேன்.

நடு அறைக்கும் கொடுக்க முடியாமல் போனபோது படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடத்தைக் கொடுத்தார்கள். மில்லின் காலிச் சாக்குகள் அடுக்கும் இடம். நிமிர்ந்து நிற்க முடியாது. மேலே யார் ஏறினாலும் மண் உதிரும். காலையில் மில் ஓடத் தொடங்கினால் மிளகாய் நெடி. முதல் வாரத்திலேயே கமலாவுக்கு இருமல் பிடித்தது. அவள் அம்மா இருமியதை நான் கேட்டவள். அதனால் சாயங்காலம் முழுதும் அவளை என் அறையிலேயே வைத்துக்கொள்வேன். ஆனால் எங்களுக்கும் அதற்குள் கைக்குழந்தை வந்திருந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் படுப்பது? படுக்கிற நேரத்துக்கு அவள் கீழே இறங்கிவிடுவாள்.

காத்தோங்கிலிருந்து ஒரு அம்மா மாதம் ஒருமுறை காரில் வந்து மசாலா அரைத்துக்கொண்டு போவார். பிள்ளை இல்லாதவர். சாக்குகளுக்கு நடுவே குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கமலாவைப் பார்த்தார். அடுத்த முறை கணவரையும் கூட்டி வந்தார். அதற்கடுத்த முறை பிள்ளையின் காலுக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்கி வந்தார். கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். படிக்க வைக்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், எங்கள் பிள்ளையாகவே வளர்க்கிறோம் என்றார்கள். நேரில் வந்து, நின்று, கேட்டார்கள்.

அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

வக்கீலிடம் போய்க் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். என் கணவர், அத்தனை கோபம் வைத்திருந்தவர், "அண்ணே, பிள்ளையை யாராவது குடுப்பாங்களா?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவங்களுக்குப் பிள்ளை இல்ல தம்பி. அங்க மேல்மாடியில அவளுக்குத் தனி அறை. ரெண்டு ஜன்னல் இருக்காம்."

கமலா போன அன்று அழவில்லை. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காரில் ஏறி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவர் கார்க் கதவைத் திறந்து விட்டு, மெஸ்ஸில் செய்கிற மாதிரியே, சத்தம் வராமல் மூடினார்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடுவதை நான் பார்க்கவில்லை. பகலெல்லாம் சாக்குமேல் உட்கார்ந்திருப்பார். மில்லுக்காரர் ஏதாவது சுமக்கச் சொன்னால் சுமப்பார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்துக் காத்தோங்குக்குப் போனேன். அந்த அம்மா உள்ளே உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தார். கமலாவுக்கு இருமல் நின்றிருந்தது, கன்னத்தில் சதை வைத்திருந்தது. அந்த அம்மா உள்ளே போன சமயம், "அப்பா கஷ்டப்படுறாரு கண்ணு. நீ அங்க வந்துடுறியா? என்கூடவே படுத்துக்கலாம்" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "அப்பா வந்து கேக்கட்டும். அவர் கேட்டா வருவேன். நீங்க கேட்டா வரமாட்டேன்."

அன்று சாயங்காலமே அவரிடம் அதை அப்படியே சொன்னேன்.

"அப்படியா சொன்னா?"

"அப்படியேதான் சொன்னா அண்ணே. போய்க் கேளுங்க. இந்த ஒருதரம் கேளுங்க."

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். மத்தியானத்துக்கு மேல் நல்ல மழை. விளக்கு வைக்கும் நேரத்தில் தொப்பலாக நனைந்து தனியாக வந்தார். நான் துண்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் தங்கச்சி."

"என்ன சொன்னா?"

"அவ வரல. வெளியவே வரல." துண்டை வாங்கித் தலையைத் துடைக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். "வர மனசில்ல போல. வசதியான இடம். நாம போய்க் கூப்பிட்டதே தப்பு."

அடுத்த சில மாதங்களில் முகாமில் வேலை இழந்தவர்கள் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கப்பலேறினார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் அவருக்கு ஒரு தம்பி இருந்தார். துறைமுகத்துக்கு நானும் என் கணவரும் போனோம். நாகப்பட்டினம் போகிற கப்பல். காத்தோங்கில் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், பள்ளிக்கூட நாள் என்றார். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு அவர் தம்பி எழுதிய கடிதம்தான் வந்தது. இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கமலாவை மறுபடி பார்த்தபோது அவள் நர்ஸாகியிருந்தாள். தேக்கா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவள், "அத்தை" என்று கையைப் பிடித்தாள். கொஞ்சநேரம் என் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு அவர் வந்தாரு அத்தை. நான் மேல அறையில இருந்தேன். அம்மா வாசல் கேட்டுக்கிட்ட நின்னு, 'கூட்டிட்டுப் போய் எங்க வெச்சுக் காப்பாத்துவீங்க'ன்னு கேட்டாங்க. போயிடுவாருன்னு நெனச்சேன். போகல. மழை கொட்டுது, அதுலயே நின்னுக்கிட்டு, 'எம் பிள்ளையக் குடுங்க'ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாரு. சத்தமா. பக்கத்து வீட்டுல இருந்தெல்லாம் வந்து எட்டிப் பாத்தாங்க. எங்கப்பாவுக்கு அவ்வளவு சத்தம் வரும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்."

"நீ ஏம்மா இறங்கிப் போகல?"

"எங்கேர்ந்து போறது? கதவைப் பூட்டிட்டாங்க. ரெண்டு ஜன்னலும் மழைக்குன்னு ஏற்கெனவே சாத்தியிருந்துச்சு. கண்ணாடியத் தட்டுனேன், கத்துனேன். மழைச் சத்தத்துல கேட்டிருக்காது." மீன்காரர் எடை போடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. நான் போயிடுவேன்னு பயம். பூட்டினதுக்காக அந்த அம்மா சாகும்போது அழுதாங்க."

கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"திரும்பி வந்து உங்ககிட்ட என்ன சொன்னாரு அத்தை?"

"உன்னைக் கேட்டதா சொன்னாரு" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலம்மா."

கமலா தலையசைத்தாள். பிறகு மீன்காரரிடம், தலையைத் தனியாக வெட்டிக் கட்டித் தரச் சொன்னாள்.